எஸ்தர் டாக்டரும் எங்கள் ஈசானிய மூலையும்

ஆனால் நீங்களே சொல்லுங்கள், நல்ல சேதி சொல்லத்தானே நான் போன் போட்டேன்? விடியும்போது எங்கள் துளசி தலைச்சன் கன்று போட்டிருந்தாள். பெண் கன்று. நெற்றியில் விபூதி வைத்தது போல வெள்ளைச் சுட்டி. "துளசி கன்னு போட்டா மொத போன் எனக்குத்தான் வரணும்க்கா, மாரியாத்தாவுக்குக்கூட அப்பறம்தான்" என்று மாட்டு ஆஸ்பத்திரி எஸ்தர் டாக்டர் சொல்லிவைத்திருந்தார். அந்த வார்த்தை தவறக்கூடாதென்று கை கழுவிய ஈரம்கூடக் காயாமல் போனை எடுத்துப் போட்டேன். அந்தப் பக்கம் எடுத்ததுமே நான் ஆரம்பித்துவிட்டேன். என் வாய் உங்களுக்குத் தெரியாததா?

"டாக்டரம்மா, பொட்டக் கன்னு! ஆத்தா புண்ணியத்துல கஷ்டமே இல்ல, ரெண்டு முக்கு முக்குனா, வழுக்கினு வந்துருச்சி. தொப்புளுக்கு மருந்து வச்சிட்டேன். காஞ்ச எடத்துலதான் போட்டுக்கீறேன். சீம்பால் குடிச்சினு கீது, சத்தம் கேக்குதா பாருங்க. எங்க வூட்டுக்காரு நஞ்சுக்கொடி வுழட்டும்னு ஒரு வார்த்த சொல்லல, பயம், உங்க மேல அவ்ளோ பயம்! எப்ப வர்றீங்க? பொங்கல் வச்சிட்டுக் கூப்புடட்டா?"

இத்தனையும் நான் பேசி முடிக்கும் வரை அந்தப் பக்கம் ஒரு குறுக்குப் பேச்சு இல்லை. பிறகு ஓர் ஆண் குரல், மெதுவாக, "அம்மா, எஸ்தர் இல்லம்மா" என்றது. அவருடைய வீட்டுக்காரர்.

"கெளம்பிட்டாங்களா? இவ்ளோ காலையிலயா?"

"இல்லம்மா. போயிட்டா. இருட்டோட எழுந்து காபி கலந்துனு இருந்தா. அப்படியே சாஞ்சிட்டா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம். வழியிலயே போயிட்டா."

அப்புறம் நடந்தது என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். போனைக் காதில் வைத்தபடியே நின்றிருக்கிறேன். கன்று முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் பால் சொசைட்டி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "துளசி மடி எறங்கிச்சா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போன மனுஷி. நாற்பத்து நாலு வயது. செத்துக்கொண்டிருந்த எத்தனை உயிரை எழுப்பி நிற்க வைத்த கை. அந்தக் கை காபி டம்ளரோடு சாய்ந்தது என்றால் யார் நம்புவது? நான் இன்னும் நம்பவில்லை. இதை எழுதும்போதுகூட ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கிறேன்.

சொசைட்டியில் பால் ஊற்றுகிற நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மாட்டுக்கு ஊசி போட, சினை பார்க்க என்று எல்லா வீட்டுக் கொட்டகையிலும் நின்றவர்தான். ஆனால் என் வீட்டுக் கொட்டகையில் அவர் என்ன செய்தார் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் படிப்பு ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு கன்று சாகும்போது. அது எங்கள் காவேரி போட்ட இரண்டாவது கன்று. முதல் கன்றும் பிறந்த மூன்றாம் நாள் வெள்ளையாகக் கழிந்து செத்துப்போயிருந்தது. திருஷ்டி என்றார்கள், சுற்றிப்போட்டேன். இரண்டாவதும் அதே மூன்றாம் நாள் தண்ணீராகக் கழிய ஆரம்பித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மாதுளம் ஓடு அரைத்து ஊற்றினேன். பாலை நிறுத்தினேன். மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தேன். அதற்கப்புறம்தான் டாக்டருக்குப் போன் செய்தேன்.

புதிதாக வந்திருக்கும் டாக்டர் பொம்பளை என்று மட்டும் தெரியும். வந்து இறங்கியதும் கழுத்தில் சிலுவைச் சங்கிலியைப் பார்த்தேன். பட்டணத்தில் படித்தவர், நம்மோடு எப்படிப் பேசுவாரோ என்று நினைத்தேன். அவர் நேராகக் கன்றின் பக்கத்தில் மண்டியிட்டு, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிந்தபடியே நின்றது. வாய்க்குள் விரலை விட்டார். "இன்னாக்கா இது, வாயி ஐஸ் மாதிரி கீது. கண்ணு பாரு, உள்ள போயிருக்குது. தண்ணியெல்லாம் போயிடுச்சே. பால ஏன் நிறுத்துனீங்க?"

"கழிச்சல் நிக்கட்டும்னுதான்..."

"கழிச்சல் கன்ன கொல்லாதுக்கா. வறட்சிதான் கொல்லும். உள்ள போறத நீங்க நிறுத்திட்டா வெளிய போறத எத வச்சி ஈடு கட்டும்?"

குளுக்கோஸ் ஏற்றினார். வீட்டில் உப்பு, சர்க்கரை, சமையல் சோடா எல்லாம் கேட்டு வாங்கி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் தானே கலந்தார். அத்தனையும் செய்தும் கன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. அவர் அதன் கண்ணை மூடிவிட்டு, உதட்டுக்குள் ஏதோ ஜெபம் சொன்னார். மாட்டுக்கு ஜெபம் சொல்கிற டாக்டரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்கப்புறம்தான் கேட்டார். "சீம்பால் எப்போ குடுத்தீங்க?"

சொன்னேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நஞ்சுக்கொடி விழுகிற வரை மடியில் கை வைக்க மாட்டோம். கன்றையும் விட மாட்டோம். விழுந்த பிறகு கறக்கிற முதல் சீம்பால் அம்மனுக்கு. அதற்கப்புறம் அக்கம்பக்கத்துக்கு ஒரு டம்ளர், மாடியில் வாடகைக்கு இருக்கிற தென்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திரட்டுப்பால். மிச்சம்தான் கன்றுக்கு. காலையில் பிறந்த கன்று சாயங்காலம்தான் மடியைப் பார்க்கும்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "ஏன் அக்கா, உங்க மாரியாத்தா பச்சப்புள்ள வாயிலேர்ந்து புடுங்கித்தான் தின்னுவாளா?"

எனக்குச் சுருக்கென்றது. சிலுவை போட்டவள் என் அம்மனைச் சொல்லிவிட்டாளே என்று. "அதெல்லாம் உங்களுக்குத் தெரியாது டாக்டரம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"மனுசப் புள்ள தாய் வயித்துலயே கொஞ்சம் பலம் வாங்கினு வரும். கன்னு வெறுங்கையோட வருது அக்கா. தாயோட பலம் மொத்தமும் சீம்பால்லதான் கீது. அத வாங்கிக்கிற வாசல் கன்னு வயித்துல பொறந்த கொஞ்ச நேரம்தான் தொறந்திருக்கும். பொழுதாவ ஆவ மூடினே வரும். மறுநாள் நீங்க குடம் குடமா குடுத்தாலும் அது வெறும் பால்தான்."

ஒரு வாரம் அவர் மேல் கோபமாகவே இருந்தேன். வெள்ளிக்கிழமை கோயிலில் நின்றபோது, மடியில் பிள்ளையை வைத்திருக்கிற அம்மனைப் பார்த்ததும் அந்தக் கேள்வி திரும்ப வந்தது. பச்சப்புள்ள வாயிலேர்ந்து புடுங்கியா தின்னுவா? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கன்று குடித்த மிச்சம்தான் அம்மனுக்கு.

இதற்கிடையில் என் மகன் பிரபு ஒரு முடிவோடு இருந்தான். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் கம்பெனிக்கு உதிரி பாகம் செய்கிற இடத்தில் அவனுக்கு வேலை. எங்களுக்கு ஏற்கெனவே மாடியில் வாடகை அறைகள் உண்டு. கொட்டகை இருந்த இடத்தில் முக்கால்வாசியை எடுத்துத்தான் அவற்றைக் கட்டினோம். மிச்சம் இருப்பது சந்து போல ஓர் இடம். அதில்தான் காவேரி, அவளுக்கு மூத்த மாடு ஒன்று, கன்று எல்லாம். அந்த மிச்சத்தையும் எடுத்து இன்னும் இரண்டு அறை போடலாம் என்பது அவன் யோசனை.

"ம்மா, இந்த வாட்டியும் கன்னு போச்சின்னா மாட்ட குடுத்துருவோம். ஷிப்ட் முடிஞ்சி வந்தா சாணி நாத்தம், நீ அழுதுனு குந்தினுகீற. இன்னாத்துக்கு இந்த ரோதன?"

அவன் சொன்னதில் தப்பில்லை. மேய்க்க இடமில்லை, எல்லாம் பிளாட்டும் காம்பவுண்டுச் சுவரும். ஆனால் அவனுக்கு எப்படிச் சொல்வேன்? அவன் வேலைக்குப் போய்விடுவான். அவன் அப்பா கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாகப் போய்விடுவார். அப்புறம் அந்த வீட்டில் என் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கிற உயிர் காவேரி ஒருத்திதான். அவளும் போனால் நான் யாரிடம் பேசுவேன்? சுவரிடமா? சரி, இந்த ஒரு தடவை பார்க்கலாம் என்று அவனிடம் தவணை வாங்கினேன்.

மூன்றாவது கன்று பிறந்தது. டாக்டரம்மா சொன்னது ஒன்று விடாமல் செய்தேன். தொப்புள் கொடிக்கு அயோடின். கன்று எழுந்து நின்றதும் சீம்பால். வயிறு நிறையக் குடித்தது. துள்ளியது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் சொசைட்டியில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூன்றாம் நாள் அதுவும் கழிய ஆரம்பித்தது. நான்காம் நாள் செத்தது.

அன்றைக்கு டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தவிட்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர்தான், "வுடுங்கம்மா, விதி" என்றார்.

"விதின்னா ஒரு வாட்டி வரும் அண்ணே. மூணு வாட்டி வந்தா அது விதி கெடையாது" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "தப்பு என்னுது அக்கா. நான் சீம்பால்லயே கண்ண வச்சினு இருந்துட்டேன். வேற இன்னான்னு பாக்கல."

ஒரு டாக்டர் வாயால் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நம் ஊரில் யாராவது சொல்வார்களா? மாட்டுக்காரன் மேல் பழி போடுவார்கள், இல்லாவிட்டால் மாட்டின் மேல் போடுவார்கள்.

கழிச்சலை ஒரு குச்சியில் தொட்டு டப்பாவில் அடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஈ கோலை என்று ஒரு கிருமி என்று பதில் வந்தது. "அது எங்கேருந்து வந்துச்சி, டாக்டரம்மா? யாராச்சும் கொண்ணாந்து வச்சாங்களா?" என்று கேட்டேன். எனக்கு அப்போது எதிர்வீட்டுக்காரி மேல் ஒரு சந்தேகம்.

சிரித்துவிட்டார். "யாரும் வைக்கல அக்கா. காவேரி வயித்துலயே கீது. உங்க வயித்துல, என் வயித்துல, எல்லார் வயித்துலயும் கீது. அதுல சில ஜாதி பொல்லாதது. பெரிய மாடு தாங்கிக்கும். சாணியில வெளிய வந்து ஈரத்துல குந்தினு இருக்கும். பொறந்த கன்னு அத நக்குச்சின்னா, குடல்ல ஒட்டிக்கினு ஒடம்புல கீற தண்ணியெல்லாம் வெளிய இழுத்து வுட்டுரும். அது எங்க குந்தினுகீதுன்னுதான் பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை. ஜெபத்துக்குப் போய்விட்டு வெள்ளைப் புடவையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பிரபு ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து கொட்டகையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான். டாக்டரம்மா அவனைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார்.

"பிரபு, உங்க கம்பெனில ஒரே பார்ட்டு மூணு வாட்டி ரிஜெக்ட் ஆவுதுன்னு வை. மெஷின வித்துருவீங்களா?"

"விக்க மாட்டோம் மேடம். லைன நிறுத்திட்டு எங்க ப்ராப்ளம்னு பாப்போம்."

"அப்ப லைன நிறுத்து. எனக்கு ஒரு பக்கெட் தண்ணி குடு."

அவன் திருதிருவென்று விழித்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்தான். டாக்டரம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாடுகள் நிற்கிற இடத்தில் அந்தத் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றினார். ஊற்றிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். நாங்களும் நின்றோம். தண்ணீர் சாணியையும் மூத்திரத்தையும் வாரிக்கொண்டு, ஒரு பாம்பு தன் புற்றைத் தேடிப்போவது போல நெளிந்து நெளிந்து போய் ஒரு மூலையில் தேங்கியது.

வடகிழக்கு மூலை. ஈசானிய மூலை.

மூன்று கன்றுகளையும் நான் கட்டி வைத்திருந்தது அங்கேதான். தெய்வம் இருக்கிற மூலை, பிறந்த உயிருக்கு அதைவிட நல்ல இடம் எது என்று நானேதான் வைக்கோல் பரப்பி, கற்பூரம் காட்டி, அங்கே படுக்க வைப்பேன். அறைகள் கட்டும்போது கொத்தனாரும் வாஸ்துப்படி தண்ணீர் ஓட்டம் ஈசானியத்துக்குத்தான் இருக்க வேண்டும் என்று தரையை அந்தப் பக்கம் சரித்துவிட்டார். அவர் சொன்னது சாஸ்திரம். நான் செய்ததும் சாஸ்திரம். இரண்டு சாஸ்திரமும் ஒரே மூலையில் சந்தித்துக்கொண்டன. வைக்கோலுக்கு மேலே பார்த்தால் காய்ந்திருக்கும். அன்று டாக்டரம்மா ஒரு குச்சியால் அடி மண்ணைக் கிளறினார். கறுப்பாக, சொதசொதவென்று, மூக்கைப் பிடிக்க வைக்கிற நாற்றம்.

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். பிரபு வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"இது சாமி மூலைதானே அக்கா?"

"ஆமா."

"சாமி மூலையில சாணித்தண்ணி வுடலாமா?"

அத்தனை வருஷமாகக் கோயில் கோயிலாகச் சுற்றுகிற எனக்குத் தோன்றாதது.

"சாமிக்கு அந்த மூலைய வுட்டுருங்க. சுத்தமா வையுங்க. கன்னுக்கு வெயில் எங்க வுழுதோ அந்த எடத்தக் குடுங்க. ரெண்டு பேரும் சௌரியமா இருப்பாங்க."

இப்படி ஒரு மனுஷியிடம் யார் மறுத்துப் பேச முடியும்? என் வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்தார். அந்த மூலை மண்ணை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி வெளியே கொட்டிச் சுண்ணாம்பு போட்டார். பிரபுவே கொத்தனாரிடம் பேசி, தரையை வெளிப்பக்கம் இருக்கிற வாழை மரத்துக்குப் போகிற மாதிரி சரித்துச் சிமெண்டு போட வைத்தான். அறை கட்ட வந்த கொத்தனார் கொட்டகைக்குச் சிமெண்டு பூசிவிட்டுப் போனார். ஈசானிய மூலையில் செங்கல் அடுக்கித் துளசி மாடம் வைத்தோம். அந்தச் செடி படப்பை பக்கம் ஏதோ நர்சரியில் வாங்கியதாக இருக்கும்.

வெயில் விழுகிற இடம் தென்மேற்காக இருந்தது. சாஸ்திரப்படி அந்தத் திசை கன்றுக்கு ஆகுமா என்று கொஞ்சம் உதறல். காவேரி மறுபடி சினையானதும் மாரியம்மனிடம் ஒரு வேண்டுதல், டாக்டரம்மாவிடம் ஒரு நச்சரிப்பு என்று நாளை ஓட்டினேன். அவர் சளைக்கவில்லை. பெரிய மாடு படுத்த இடத்தில் கன்றை விடாதே என்றார். கன்றுக்கு வைக்கிற வாளியைத் தனியாக வை, வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வை என்றார். கறவைக்குப் போகும் முன்னால் கன்றைப் பார்த்துவிட்டுப் போ, மாட்டுச் சாணி வாரின கையோடு போகாதே என்றார். சொசைட்டியில் உங்களிடமும் சொல்லியிருக்கிறாரே: "ரெண்டு வாரம் ஆன கன்னுக்குச் சுரத்தோட ரத்தமா போனா அது வேற கிருமி, சால்மொனெல்லா, அது உங்களுக்கும் ஒட்டும், கைய சோப்பு போட்டுக் கழுவுங்க, புள்ளைங்கள கிட்ட வுடாதீங்க." அவர் பேசும்போது நாமெல்லாம் பால் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்காவது கன்று பிறந்தது. சீம்பால் குடித்தது. வெயிலில் படுத்தது. மூன்றாம் நாள் வந்தபோது நான் சாப்பிடவில்லை. அதன் வாலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் இளக்கமாகக் கழிந்தது. மஞ்சளாக, தண்ணீராக.

உலகமே நின்றுபோனது போல் இருந்தது. பிரபு எட்டிப் பார்த்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான். மாட்டை விற்கிற பேச்சை எடுக்காமல் போனதுதான் எனக்குப் பயம். நான் போன் போட்டு ஓவென்று அழுதேன். டாக்டரம்மா, "அழுங்க, ஆனா அழுதுனே அந்த உப்புத்தண்ணிய கலங்க" என்றார். கலந்தேன். மெடிக்கலில் போன தடவை வாங்கி மிச்சம் இருந்த மாத்திரையைப் பொடித்துப் போடட்டுமா என்றேன். "மாத்திரையத் தொட்டீங்கன்னா வந்து கைய ஒடைப்பேன். எல்லாக் கழிச்சலுக்கும் அது வேணாம். கண்டதுக்கும் குடுத்தா நாளைக்கு நெசமா தேவைப்படும்போது வேல செய்யாது. நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

வந்தார். தோலைக் கிள்ளினார். கிள்ளிய இடம் சட்டென்று பழையபடி படிந்தது. வாயில் விரலை விட்டார். கன்று அந்த விரலைச் சப்பியது.

"அக்கா, இங்க வாங்க. உங்க வெரல வையுங்க."

வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. சப்பிச் சப்பி இழுத்தது.

"சப்புற கன்னு சாவாது" என்றார்.

பாலை நிறுத்தாமல், நடுநடுவே உப்புத்தண்ணீர் கொடுத்தோம். பிரபு ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பாட்டிலைப் பிடித்தான். மறுநாள் சாணம் கெட்டியானது. அதற்கு மறுநாள் அந்தக் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, மாடத்தில் இருந்த துளசி இலையைக் கடித்தது. அதனால்தான் அதற்குத் துளசி என்று பேர். அறை கட்டுகிற பேச்சை அதற்கப்புறம் பிரபு எடுக்கவே இல்லை.

அந்தத் துளசிதான் இப்போது கன்று போட்டவள். அந்தச் சேதியைத்தான் நான் செத்துப்போனவருடைய போனுக்குச் சொன்னேன்.

அடக்கத்துக்குப் போனோம். நான் தேவாலயத்துக்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. செருப்பை எங்கே விடுவது என்றுகூடத் தெரியவில்லை. பெட்டிக்குள் அதே வெள்ளைப் புடவை. பக்கெட் தண்ணீர் ஊற்றின அன்றைக்குத் தூக்கிச் செருகினாரே, அதே புடவைதான் என்று எனக்குத் தோன்றியது. இல்லாமலும் இருக்கலாம். முகம் கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் இருந்தது. அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. நம் சொசைட்டி பொம்பளைகள் எல்லோரும் பின்னால் நின்றிருந்தோம். பாதிப் பேர் கறந்த கையோடு வந்திருந்தோம். நான்கூட.

அவருடைய வீட்டுக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தார். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்திருப்பார், ஏனென்றால் என் அழுகைச் சத்தம் அப்படி. வந்து நின்று, "கன்னு சீம்பால் குடிச்சுதாம்மா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"எந்நேரத்துல போன் வந்தாலும் அவ மொதல்ல இதத்தான் கேப்பா. சாப்புடறப்பகூட. நீங்க அன்னிக்கு அவ்ளோ சொன்னீங்க, எனக்கு ஒண்ணும் காதுல ஏறல. கேக்க வுட்டுட்டேன்."

"குடிச்சிதுங்க. வயிறு முட்டக் குடிச்சிது" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எனக்கு இன்னும் அதிர்ச்சி தெளியவில்லை. ஆனால் அவரிடமிருந்து என்னிடம் என்ன மிச்சம் என்று யாராவது கேட்டால் சொல்வேன். துளசி இருக்கிறாள், அவளுடைய கன்று இருக்கிறது. மூன்றாம் நாள் தாண்டிவிட்டது, கெட்டியாகத்தான் போடுகிறது. தோலைக் கிள்ளிப் பார்க்கிற விரல் இருக்கிறது. கன்றின் வாயில் விரல் வைத்தால் சப்புகிறதா என்று பார்க்கிற பழக்கம் இருக்கிறது. புதிதாக யார் வீட்டிலாவது கன்று போட்டால் நானே போய் நின்று, நஞ்சு விழக் காத்திருக்காதே என்று வாய் ஓயாமல் சொல்லப்போகிறேன். நீங்கள் திட்டினாலும் சொல்வேன். ஒரு பக்கெட் தண்ணீரோடுதான் வருவேன்.

இதை எழுதி முடித்துவிட்டு விளக்கு வைக்கத் துளசி மாடத்துக்குப் போனேன். மூன்று சுற்றுச் சுற்றும்போது செங்கல் இடுக்கில் ஒரு தெர்மாகோல் துண்டு தென்பட்டது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, படப்பையும் இல்லை நர்சரியும் இல்லை. மாடம் கட்டிய அன்று எஸ்தர் டாக்டர் தடுப்பூசி எடுத்துவரும் தெர்மாகோல் பெட்டி ஒன்றில், மண்ணோடு அந்தச் செடியை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தார். "எங்க வூட்டுக் கொல்லையிலேர்ந்து புடுங்கினு வந்தேன் அக்கா, எங்க வூட்ல இது இருமலுக்கு" என்று சொல்லித்தான் என் கையில் கொடுத்தார்.